மேசைக்கு அடியில் கேட்ட ‘டிக்’

இது நடந்தது. இதில் ஒரு வரி கூட இட்டுக்கட்டியது இல்லை. யாருக்கு நடந்ததோ அந்த மனிதர் இன்னும் இருக்கிறார். காலையில் கடையைத் திறக்கிறார், டீ குடிக்கிறார், கேட்டால் சொல்லுவார். ஆனால் கேட்காதீர்கள். சொல்லி முடித்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. என்னிடம் சொல்லும்போது தன் வலது கட்டைவிரலை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவர் கம்ப்யூட்டர் மெக்கானிக். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. ‘திருப்புளி’ என்றால்தான் தெரியும். மற்றவர்கள் பேனா குத்தும் சட்டைப் பையில் அவர் திருப்புளி வைத்திருப்பார். கல்யாண போட்டோவிலேயே அது பைக்கு மேல் எட்டிப் பார்க்கிறது என்று அவர் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள். காரணம் இல்லாமல் எதுவும் கெடாது என்பது அவர் கட்சி. காரணம் பிடிபடாவிட்டால் ஒவ்வொரு பாகமாகக் கழற்றிவிட்டு நல்லதொன்றை மாட்டிப் பார்ப்பார். எதை மாற்றியதும் கோளாறு நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. இதை வைத்தே இருபது வருடம் பிழைத்திருக்கிறார்.

அப்படிப்பட்டவரிடம்தான் மொழிபெயர்ப்பாளர் அம்மா வந்து சேர்ந்தார்.

அறுபதைத் தொட்டவர். மாடி வீட்டில் தனியாக இருந்தார். தடிமனான மருத்துவப் புத்தகம் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். திருப்புளியிடமிருந்து வாங்கிய பழைய கம்ப்யூட்டர்தான் அவரிடம் இருந்தது. வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. வேலை மும்முரமாக ஓடும்போது பட்டென்று அணைந்துவிடுகிறதாம். தட்டியதெல்லாம் போய்விடுகிறதாம். கோபமாகச் சொல்லவில்லை. டாக்டரிடம் தலைவலியைச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்.

திருப்புளி அதைக் கடைக்குத் தூக்கி வந்தார். முதலில் சூடு பார்த்தார். தூசு தட்டி, விசிறியைச் சுத்தம் செய்து, சிப்பின் மேல் சூடு கடத்தும் புதுப் பசை தடவினார். சூடு இல்லை. மெமரியைச் சோதித்தார். ஒரு பிழையும் காட்டவில்லை. மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை மாற்றினார். தன் வேலை மேசை மேல் வைத்து நாள் முழுக்க ஓடவிட்டார். மறுநாளும் ஓடவிட்டார். கல் மாதிரி ஓடியது.

கொண்டுபோய்க் கொடுத்தார். மறுநாளே போன். “தம்பி, மறுபடியும் அணைஞ்சிடுச்சு.”

திரும்பவும் கடை. திரும்பவும் கல் மாதிரி ஓட்டம். திரும்பவும் வீடு. திரும்பவும் போன்.

வீட்டு மின்சாரத்தில்தான் ஏதோ இருக்கிறது என்று யு.பி.எஸ். பேட்டரிப் பெட்டியையும் மாற்றினார், சுவர் பிளக்கையும் மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி செய்ய ஆரம்பித்தார்கள். அந்த மெஷினுக்கு அந்த வீடு பிடிக்கவில்லை, வேறு இடத்தில் கட்டிக் கொடு என்றார்கள். அவரும் சிரித்தார். உள்ளுக்குள் எரிந்தது.

கடைசியில், அது எப்போது எப்படி அணைந்தது என்று கம்ப்யூட்டர் தானே குறித்து வைத்துக்கொள்ளுமே, அதைத் திறந்து பார்த்தார். அதை முதலிலேயே பார்த்திருக்கலாம். அவருடைய பழக்கம் கையால் தொட்டுப் பார்ப்பது.

அதில் சூடு என்று இல்லை. மின்சாரம் போனது என்று இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே விஷயம்தான் இருந்தது.

யாரோ சுவிட்சை அழுத்திப் பிடித்து அணைத்திருக்கிறார்கள்.

திருப்புளிக்கு உயிர் வந்தது. இவ்வளவுதானா? சுவிட்ச் சிக்கிக்கொள்கிறது! சில சுவிட்சுகள் நாள்பட்டால் உள்ளேயே மாட்டிக்கொண்டு வெளியே வராது. நாலைந்து நொடி அப்படியே இருந்தால் மெஷின் அணைந்துவிடும். குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று அவர் அம்மா வீட்டுக்குப் போனார். மத்தியானம். வெளியே வெயில் கொளுத்தியது.

கம்ப்யூட்டர் பெட்டி மேசைக்கு அடியில், சுவரோரமாகத் தரையில் இருந்தது. சுவிட்ச் அதன் முன்பக்கத்தில். திருப்புளி மண்டிபோட்டுக் குனிந்தார். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தார். மேசைக்கு அடியில் எங்கும் தூசு படிந்திருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முறம் அளவு இடத்தில் மட்டும் தூசே இல்லை. துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

அங்கே கூட்டுவீர்களா என்று கேட்டார். முட்டி வலி தம்பி, அங்கே எங்கே குனிந்து கூட்டுவது என்றார் அம்மா.

அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றினார். சுவிட்சிலிருந்து உள்ளே போகும் இரண்டு மெல்லிய ஒயர்களைப் பிடுங்கி ஓரமாக விட்டார். இனி அந்தச் சுவிட்ச் வெறும் பொம்மை. எத்தனை தடவை அழுத்தினாலும் எதுவும் நடக்காது. சட்டைப் பையிலிருந்த திருப்புளியை எடுத்து, அதன் நுனியால் உள்ளே இரண்டு கம்பிகளைச் சேர்த்துத் தொட்டு மெஷினை ஓடவிட்டார்.

“இப்ப வேலை செய்யுங்கம்மா. நான் இங்கேயே இருக்கேன்.”

அம்மா தட்ட ஆரம்பித்தார். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். மேலே மின்விசிறி. கீழே மெஷினின் சின்ன இரைச்சல். விசைப்பலகையின் சடசட சத்தம். அம்மா வேலையில் மூழ்கிவிட்டார், பக்கத்தில் ஒரு ஆள் இருப்பதையே மறந்துவிட்டார். திருப்புளிக்குக் கண் சொருகியது.

டிக்.

கண்ணைத் திறந்தார்.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். ஆயிரம் முறை கேட்டது. சுவிட்ச் உள்ளே போகும் சத்தம்.

குனிந்து பார்த்தார். சுவிட்ச் உள்ளே போயிருந்தது. யாரும் தொடவில்லை. யாரும் இல்லை. ஆனால் அழுத்திய மாதிரியே உள்ளே நின்றது…

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. ஒயர் இல்லை, ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பட்.

அணைந்துவிட்டது.

பிறகுதான் சுவிட்ச் மெல்ல வெளியே வந்தது. விரலை எடுத்தால் வருமே, அப்படி.

டிக்.

மேலே அம்மாவின் குரல் கேட்டது. “பாத்தீங்களா தம்பி?”

பிடுங்கிய ஒயர்கள் பிடுங்கியபடியே தொங்கின. கையால் தொட்டுப் பார்த்தார். தொங்கிக்கொண்டுதான் இருந்தன.

அந்த இடத்தில் நானாக இருந்தால் எழுந்து ஓடியிருப்பேன். அவர் மெக்கானிக். மறுபடியும் மெஷினை ஓடவிட்டு, அம்மாவைத் தட்டச் சொல்லிவிட்டு, இந்த முறை தன் வலது கட்டைவிரலைச் சுவிட்ச் மேல் குறுக்காக வைத்து மூடிக்கொண்டார். யார் அழுத்துகிறார்கள், பார்த்துவிடலாம்.

மேலே சடசட சத்தம்.

வெகுநேரம் ஒன்றும் இல்லை.

பிறகு…

விரல்கள்.

சின்ன விரல்கள். அவர் கட்டைவிரலைத் தடவிப் பார்த்தன. எங்கே போயிற்று சுவிட்ச் என்று தேடுகிற மாதிரி. பிறகு பிடித்து இழுத்தன. கோபமாக இல்லை. கெஞ்சுகிற மாதிரி.

சூடாக இருந்தன. அதுதான் அவரால் இன்றுவரை தாங்க முடியாதது. ஜில்லென்று இருந்திருந்தால் பரவாயில்லை என்கிறார். உயிருள்ள பிள்ளையின் கை மாதிரி சூடாக இருந்ததாம்.

கையைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் சாய்ந்தவரின் தலை மேசைக் காலில் மோதியது. அம்மா பதறி எழுந்தார்.

“அம்மா… இந்த வீட்ல குழந்தை இருக்கா?”

அம்மா நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“எனக்கு யாரும் இல்ல தம்பி. ஆனா அணைஞ்சதும் நான் குனிஞ்சு பாப்பேன் பாருங்க… அப்ப யாரோ சிரிக்கிற மாதிரி இருக்கும். வயசாச்சு, காது தப்பா கேக்குதுன்னு விட்டுட்டேன்.”

திருப்புளி அன்றைக்கு எப்படி வீட்டுக்குப் போனார் என்று அவருக்கே நினைவில்லை. படுத்துக்கொண்டு அந்தக் கம்ப்யூட்டர் தன்னிடம் எப்படி வந்தது என்று யோசித்தார். யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. அதை மறக்க முடியாது.

பஸ் டிரைவர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது. அவர் அதைக் குழந்தைப் போர்வையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். முயல் படம் போட்ட போர்வை. விலையைப் பற்றிப் பேசவே இல்லை. எடுத்துக்கோங்க அண்ணே, வீட்டில் இருக்க வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனவர், பாதித் தெரு போய்த் திரும்பி வந்து போர்வையை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் பஸ் டிப்போவுக்குப் போய் அந்த டிரைவரைத் தேடிப் பிடித்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தடுமாறினார். மெஷின் சும்மா சும்மா அணைகிறது, உங்கள் வீட்டிலும் அப்படி இருந்ததா என்று கேட்டார்.

டிரைவர் கையில் இருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிரைவரின் மனைவி வீட்டிலிருந்தே ஒரு மருத்துவமனைக்குத் தட்டச்சு வேலை செய்து வந்தவர். ஒரே பெண் குழந்தை, நாலு வயது. அம்மா தட்டும்போது மகள் அவள் காலடியில், மேசைக்கு அடியில்தான் உட்கார்ந்து விளையாடுவாள். அலுத்துப்போனால் சுவிட்சை அழுத்தி அணைத்துவிடுவாள். அம்மா திட்டிக்கொண்டே குனிவாள், பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொள்ளும். தினமும் இது நடக்கும். பிறகு காய்ச்சல் வந்தது. வந்த வேகத்தில் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது.

அதற்கப்புறம் அந்தப் பெண் தினமும் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்திருப்பாளாம். வேலை செய்ய மாட்டாள். சும்மா பார்த்துக்கொண்டே இருப்பாள்.

“தானா அணையும்னு காத்துக்கிட்டு இருந்தாண்ணே. ஒரு நாள்கூட அணையல. எனக்குப் பாக்க முடியல. அவ அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தப்ப தூக்கிக் கொடுத்துட்டேன்.”

இன்னார் வீட்டில் இப்போது அணைகிறது என்று திருப்புளி சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது என்று டிரைவரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் தோன்றியது. இதை என் மனைவியிடம் சொல்ல வேண்டாம், அவள் தாங்க மாட்டாள் என்று டிரைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டிவிட்டு வந்தார் திருப்புளி.

மறுநாள் மத்தியானம் மொழிபெயர்ப்பாளர் அம்மாவின் வீட்டு வாசலில் டிரைவர் நின்றார். பக்கத்தில் அவர் மனைவி. டிரைவரால் ஒரு ராத்திரி கூட அதை மனதில் வைத்திருக்க முடியவில்லை. அம்மா போன் செய்து திருப்புளியை வரவழைத்தார்.

முப்பது வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. நன்றாகத் தலை வாரி, இஸ்திரி போட்ட புடவை கட்டியிருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைக் கூப்பிட வந்தவள் மாதிரி இருந்தாள். கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். காத்திருந்தாள்.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை. வெயில் ஜன்னலிலிருந்து இறங்கிச் சுவருக்கு வந்தது. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. டிரைவர் இரண்டு முறை போகலாம் என்றார். அவள் அசையவில்லை.

மொழிபெயர்ப்பாளர் அம்மாதான் மெல்லச் சொன்னார். “சும்மா இருந்தா அணையாதும்மா. எனக்கும் அப்படித்தான். வேலையில மூழ்கி நான் என்னையே மறந்திருக்கறப்பதான் அணையும். தட்டிப் பாரு.”

தன் காகிதங்களை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அவள் தட்ட ஆரம்பித்தாள். முதலில் தப்புத் தப்பாக வந்தது. பிறகு பழகிய கை தானாக ஓட ஆரம்பித்தது. மாதக் கணக்கில் தொடாத வேலை. ஒரு பக்கம் முடிந்தது. அடுத்த பக்கம். அவள் முகத்திலிருந்து துக்கம் கொஞ்ச நேரம் விலகி நின்றதைத் திருப்புளி பார்த்தார்.

டிக்.

அவள் விரல் நின்றது.

ஒரு மூச்சு…

இரண்டு…

பட்.

திரை கறுத்தது.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு மேசைக்கு அடியில் நுழைந்தாள். புடவைத் தலைப்பு மட்டும் வெளியே தெரிந்தது. “கண்ணு…” என்றாள். அந்த ஒரு சொல் மட்டும் கேட்டது.

அப்புறம் சத்தமே இல்லை.

வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் பின்னால் நகர்ந்து வெளியே வந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. யாரையும் பார்க்கவில்லை, தன் உள்ளங்கையைப் பார்த்தபடி சொன்னாள்.

“இது அவ இல்லைங்க.”

டிரைவர் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தார்.

“கை இருக்கு. புடிச்சுப் பாத்தேன். என் பொண்ணு கை குண்டா இருக்கும். இது ரொம்ப மெலிஞ்ச கை. எலும்பு தெரியுது. சாப்பிடாத கை.”

அந்தப் பெண் நம்பிக்கையோடு வந்தவள். பிள்ளை செத்த நாளில் ஒரு முறை இழந்தாள், இப்போது மறுபடி இழந்தாள். வாங்க போகலாம் என்று கணவனைத் தூக்கினாள். அவர்தான் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். கைத்தாங்கலாக அவரை வாசல் வரை கூட்டிப் போனாள். செருப்பு மாட்டினாள்.

பிறகு அங்கேயே நின்றாள்.

செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே வந்தாள்.

“யார் பெத்த புள்ளையோ… தனியா உக்காந்திருக்கு” என்று சொல்லிவிட்டு மறுபடியும் மேசைக்கு அடியில் நுழைந்தாள்.

அவள் அன்றைக்கு இருட்டும்வரை அங்கேயேதான் இருந்தாள். டிரைவர் வாசல்படியில் உட்கார்ந்து காத்திருந்தார். மறுநாள் மத்தியானமும் வந்தாள். கொஞ்ச நேரம் அம்மாவின் வேலையைத் தட்டிக் கொடுப்பாள். மெஷின் அணையும். உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொள்வாள். தாழ்ந்த குரலில் ஏதோ பேசுவாள். என்ன பேசினாள் என்று மொழிபெயர்ப்பாளர் அம்மா ஒருநாளும் ஒட்டுக்கேட்கவில்லை. அந்த நேரத்தில் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஒருநாள் அவள் தன் பெண்ணின் சின்னத் தலையணையைக் கொண்டுவந்து அங்கே வைத்தாள். இன்னொரு நாள் அந்த முயல் போர்வை வந்தது.

வாரங்கள் போயின. ஒருநாள் அவள் வெளியே வந்து, உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடாதீர்கள் என்று சைகை காட்டினாள்.

“தூங்கிடுச்சு” என்றாளாம்.

அன்றோடு சரி. அந்தக் கம்ப்யூட்டர் அப்புறம் அணையவே இல்லை. தலையணையும் போர்வையும் இன்றும் அங்கேயே இருக்கின்றன. மொழிபெயர்ப்பாளர் அம்மா யாரையும் அந்த மேசைக்கு அடியில் கூட்டவிடுவதில்லை.

இதோடு முடிந்திருந்தால் திருப்புளி சாப்பிட்டிருப்பார்.

‘இது அவ இல்லைங்க’ என்று அந்தப் பெண் சொன்ன அந்த நொடியிலேயே அவருக்கு ஒன்று உறைத்துவிட்டது. டிரைவர் கொண்டுவந்த மெஷின் அப்படியே விற்கப்படவில்லை. அதன் தகரப் பெட்டி ஒரு பக்கம் பிளந்திருந்தது. உள்பாகங்களை மட்டும் எடுத்து, கடையில் கிடந்த வேறொரு பழைய பெட்டியில் மாட்டியிருந்தார். ஒயர் எங்கே போகிறது, விசிறி எங்கே சுற்றுகிறது என்றெல்லாம் பார்த்தாரே, இதை அவர் நினைக்கவே இல்லை. சுவிட்ச் இருப்பது பெட்டியில். அந்தப் பெட்டி டிரைவர் வீட்டுடையது இல்லை.

அது பழைய சாமான் கடையில் பத்துப் பதினைந்து பழைய பெட்டிகளோடு மொத்தமாக வாங்கியது. ரொம்ப நாள் அவர் அந்தப் பக்கம் போகவில்லை. தெரியாமலே இருந்துவிடலாம் என்று பார்த்தார். முடியவில்லை. ஒருநாள் போய்க் கேட்டுவிட்டார்.

பழைய சாமான் கடைக்காரருக்கு நன்றாக நினைவிருந்தது. அந்தச் சரக்கு ஒரு குழந்தைகள் காப்பகத்திலிருந்து வந்ததாம். யாரும் இல்லாத பிள்ளைகளை வளர்க்கும் இடம். அதை மூடியபோது மாடி கம்ப்யூட்டர் அறையில் இருந்ததையெல்லாம் லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். ஏற்றிவிட வந்த காவலாளி, லாரி கிளம்பும்வரை அழுதுகொண்டே நின்றாராம். கேட்டதற்குச் சொன்னாராம்.

அங்கே ‘குருவி’ என்று ஒரு பிள்ளை இருந்தது. பெரிய விடுமுறைக்கு எல்லாப் பிள்ளைகளையும் வேறு ஊரில் இருந்த கட்டடத்துக்கு மாற்றினார்கள். கிளம்புகிற காலையில் பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் அறையைப் பூட்டியவர் உள்ளே குனிந்து பார்க்கவில்லை. இரண்டு வண்டிகள் போயின. குருவி அந்த வண்டியில் இருக்கிறது என்று இந்த வண்டியிலும், இந்த வண்டியில் இருக்கிறது என்று அந்த வண்டியிலும் நினைத்துக்கொண்டார்கள். போய்ச் சேர்ந்த பிறகு தேடினார்கள். வழியில் வண்டி நின்ற இடங்களில் தேடினார்கள், பஸ் நிலையத்தில் தேடினார்கள், வாய்க்காலில் தேடினார்கள். பூட்டிய அறையில் யாரும் தேடவில்லை.

விடுமுறை முடிந்து அறையைத் திறந்தபோது குருவி கடைசி மேசைக்கு அடியில் இருந்தது.

காவலாளி அழுதது அதற்கு மட்டும் இல்லை.

கட்டடம் காலியாக இருந்த அந்த நாட்களில் அவர் தூரத்தில் வாசல் கேட்டருகே ஒரு சின்ன அறையில்தான் படுத்திருந்தார். சாவி அவரிடம் இல்லை, பிள்ளை காணாமல் போனதையும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. ராத்திரி மாடி ஜன்னலைப் பார்த்திருக்கிறார். திரைச்சீலைக்குப் பின்னால் நீல வெளிச்சம் எரியும். அணையும். மறுபடி எரியும். மறுபடி அணையும். அலுவலகத்துக்குப் போன் செய்து சொல்லவும் சொன்னார். மேலே ஒரு கம்ப்யூட்டர் தானாகவே எரிகிறது, தானாகவே அணைகிறது என்று.

மெஷின் கோளாறாக இருக்கும், லீவு முடியட்டும், மெக்கானிக்கை வரச்சொல்லிப் பார்க்கலாம் என்றார்களாம்.

மூன்று ராத்திரி அப்படி எரிந்து எரிந்து அணைந்தது. நாலாவது ராத்திரி ஜன்னல் இருட்டாகவே இருந்தது.

தானாகவே சரியாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டாராம்.